தப்பாத கூட்டல்

எண்களுக்கு நிறம் கிடையாது என்று நம்புகிறவர்களோடு சேர்ந்து ஒரு பிரதியை வாசித்துப் பார்க்கலாம். 1947 ஏப்ரல் 15 அன்று நியூயார்க்கின் புரூக்ளினில் நடந்த பேஸ்பால் ஆட்டத்தின் புள்ளிப்பட்டியல் அது. புரூக்ளின் டாட்ஜர்ஸ் 5, பாஸ்டன் பிரேவ்ஸ் 3. அதில் ஒரு வரி: ராபின்சன், மட்டை பிடித்தது 3, அடி 0, ஓட்டம் 1. அவ்வளவுதான்.

அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கறுப்பர்களை உள்ளே விடாத பெரிய லீக்கில் ஜாக்கி ராபின்சன் கால் வைத்த நாள் அது. பட்டியலுக்கு இது தெரியாது. ஏழாவது இன்னிங்ஸில் பந்தை மெல்லத் தட்டிவிட்டு அவர் ஓடுகிறார். எதிரணிக்காரரின் எறி தப்புகிறது. அணியை முன்னுக்குக் கொண்டுவந்த ஓட்டம் அப்படி வந்ததுதான். பட்டியலிலோ அவர் தளம் சேர்ந்தது எதிரணியின் ‘பிழை’யாகப் பதிவாகிறது. எது பிழை, எது அடி என்று தீர்மானிப்பவர் பட்டியல் எழுதுகிறவர். எண்ணுக்கு முன்பே தீர்ப்பு வந்துவிடுகிறது.

இந்த வடிவத்தை வளர்த்தவர்களில் முக்கியமானவர் ஹென்றி சாட்விக். இங்கிலாந்தில் பிறந்த பத்திரிகையாளர். கிரிக்கெட் பட்டியலை அறிந்தவர். இது ஒரு கணக்குப் பேரேடு. மட்டை பிடிக்க வந்த ஒவ்வொருவரும் ஓட்டம் எடுத்திருக்க வேண்டும், இல்லை ஆட்டமிழந்திருக்க வேண்டும், இல்லை தளத்திலேயே நின்றுபோயிருக்க வேண்டும். கூட்டினால் இரண்டு பக்கமும் சமமாக வந்தே தீரும். ‘கணக்கு சரியா இருக்கே, அப்புறம் என்ன?’ என்பார்கள். சரியாத்தான் இருக்கு. மைதானத்துக்குள் விடப்படாதவனுக்குக் கட்டமே இல்லாதபோது கூட்டல் எப்படித் தப்பும்?

கறுப்பர் லீக்குகளில் ஆடிய ஜோஷ் கிப்சன் 1947 ஜனவரியில், 35 வயதில் இறந்தார். ராபின்சன் ஆட வருவதற்கு மூன்று மாதம்கூட இல்லை. அந்த லீக்குகளின் ஆட்டப் பட்டியல்கள் பலவும் கறுப்பர்கள் நடத்திய வார இதழ்களில் அரைகுறையாகக் கிடந்தன. பல அச்சேறவே இல்லை. 1920 முதல் 1948 வரையிலான அந்த லீக்குகளையும் ‘பெரிய லீக்’ என்று 2020 டிசம்பரில் ஏற்றுக்கொண்டார்கள். 2024 மே மாதம் 2,300க்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்களின் எண்கள் சேர்க்கப்பட்டன. கிப்சனின் சராசரி .372. அதுவரை முதலிடத்திலிருந்த டை காப் .367. செத்து 77 வருஷம் கழித்து முதலிடம்.

ஆனால் இங்கும் லீக் ஆட்டங்கள் மட்டுமே கணக்கு. பிழைப்புக்காக ஊர் ஊராகப் போய் அந்த அணிகள் ஆடிய ஆட்டங்களுக்குக் கட்டம் இல்லை. கிப்சனின் நினைவுப் பலகை ஏறத்தாழ 800 ஹோம் ரன் என்கிறது. அதிகாரபூர்வப் பட்டியலில் 200கூட இல்லை.

‘எல்லாமே புனைவு, எண்ணும் புனைவு’ என்று நம்மவர்கள் சிலர் இதை முடித்துவிடக்கூடும். எனக்கு அது போதவில்லை. புழுதிபடிந்த பத்திரிகைகளில் ஒவ்வொரு ஆட்டமாகத் தேடித் தொகுத்தவர்களுக்கு எண் ஒரு புனைவாக இருக்கவில்லை. அது உரிமை கோருவதற்கான சான்று. எண்களைக் கட்டுடைக்கும் வசதி, ஏற்கெனவே எண்ணப்பட்டவர்களுக்குத்தான் சுலபமாக வாய்க்கிறது. ஆகவே எண்ணிக்கை வேண்டும். கூடவே கட்டம் போடுகிற அதிகாரத்தையும் கேட்டாக வேண்டும். கிப்சனுக்கு முதலிடம் தந்தது, அவர் உயிரோடிருந்தவரை கதவைச் சாத்தியிருந்த அதே அமைப்புதான்.