லெட் ஏப்ரன்: ஒரு விமர்சனம்

இந்த வாரம் விமர்சனத்துக்கு எடுத்துக்கொண்டிருப்பது நாவலோ சினிமாவோ இல்லை. ஒரு உடுப்பு. ஆபரேஷன் தியேட்டரில் எக்ஸ்ரேயைத் தடுக்க டாக்டர்கள் மாட்டிக்கொள்கிறார்களே, அந்த ஈய ஏப்ரன். கனம் 5, 6 கிலோ இருக்கும். அதோடு மணிக்கணக்கில் நிற்க வேண்டும்.

தியேட்டரில் எதற்கு எக்ஸ்ரே என்பீர்கள். பாட்டி பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிகிறது. கம்பி சரியான இடத்தில் இறங்குகிறதா என்று வெட்டிப் பார்க்காமலே பார்க்க சி-ஆர்ம் என்ற எந்திரம் உதவுகிறது. 'சி' எழுத்து போல வளைந்திருக்கும். ஒரு முனையிலிருந்து எக்ஸ்ரே புறப்படும்; மறுமுனை அதை வாங்கி டி.வி.யில் காட்டும். பெடலை மிதித்தால் படம்.

டாக்டர் மேல் படுவது பெரும்பாலும் எந்திரத்திலிருந்து நேராக வருவதில்லை. நோயாளியின் உடம்பில் பட்டுச் சிதறுவதுதான். கல்லில் விழுந்த குழாய்த் தண்ணீர் நாலா பக்கமும் தெறிக்குமே, அது மாதிரி.

இது விளையாட்டில்லை. எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டது 1895-ல். எடிசனின் உதவியாளர் க்ளாரன்ஸ் டாலி தன் கைகளையே திரும்பத் திரும்ப அதில் காட்டிச் சோதித்தார். இரண்டு கைகளையும் இழந்து 1904-ல் இறந்தார். எடிசன் அந்த ஆராய்ச்சியையே விட்டுவிட்டார். இப்படிப் பலியானவர்களுக்காக 1936-ல் ஹாம்பர்க் நகரில் ஒரு நினைவுத்தூண் வைத்தார்கள். அன்றைக்கே அதில் 169 பெயர்கள்.

இனி ஏப்ரன். நல்லதை முதலில் சொல்லிவிடலாம். அரை மில்லிமீட்டர் ஈயத்துக்குச் சமமான ஏப்ரன் சிதறி வரும் கதிரில் 90 சதவீதத்துக்கு மேல் தடுத்துவிடும். சபாஷ். ஆனால் மூடிய இடத்தில்தான் தடுக்கும்.

கண்ணை மூடுவதில்லை. சர்வதேசக் கதிரியக்கப் பாதுகாப்பு ஆணையம் கண் லென்சுக்கான வருட வரம்பை 2011-ல் 150 மில்லிசீவர்ட்டிலிருந்து சராசரி 20-ஆகக் குறைத்தது. முன்பு நினைத்ததைவிடக் குறைந்த அளவிலேயே கண்புரை வரலாம் என்று தெரிந்ததால்தான். ஈயக் கண்ணாடி இருக்கிறது. எத்தனை தியேட்டரில் என்று கேட்காதீர்கள்.

கையையும் மூடுவதில்லை. ஈயக் கையுறை போட்டுக் கொண்டு கதிருக்கு நடுவே கையை நீட்டினால் இன்னும் வம்பு. படம் இருட்டாகிவிட்டதே என்று எந்திரம் தானாகவே கதிரைக் கூட்டிவிடும்!

பெரிய குறை அக்குளில் இருக்கிறது. ஆண் உடம்புக்கு அளவெடுத்த ஏப்ரனைப் பெண் டாக்டர் மாட்டினால் கை நுழையும் ஓட்டை அகலமாகத் திறந்து கிடக்கும். மார்பகப் புற்றுநோய் அதிகம் வரும் மேல்-வெளிப்பகுதி சரியாக அங்கேதான். அமெரிக்கப் பெண் எலும்பு டாக்டர்களிடம் நடத்தி 2012-ல் வெளியிட்ட ஒரு ஆய்வு, அவர்களிடையே மார்பகப் புற்றுநோய் பொதுவில் இருப்பதைவிட ஏறக்குறைய 3 மடங்கு என்றது. சிறிய ஆய்வு, காரணம் கதிர்தான் என்று நிரூபணமாகவில்லை. அதற்காக ஓட்டையைத் திறந்தே வைத்திருப்பதா? கைவைத்த ஏப்ரன் வந்துவிட்டது. வாங்கித்தரத்தான் ஆளில்லை.

அடுத்தது பழக்க வழக்கங்கள். ஏப்ரனை நீளமாகத் தொங்கவிட வேண்டும். துவைத்த வேட்டி மாதிரி மடித்துப் போட்டால் உள்ளே ஈயம் விரிசல் விடும்; வெளியே தெரியாது. தைராய்டு பட்டை ஆணியில் தொங்கும். இந்தியாவில் 3 மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கும் பேட்ஜ் மேஜை டிராயரில் தூங்கும். ரிசல்ட்? டிராயர் பரம ஆரோக்கியமாக இருக்கிறது. கேட்டால், "இத்தனை வருஷமா பாக்கறோம், ஒண்ணும் ஆகலை சார்!"

என் புகார் இதுதான்: கடைசிக் காவலாக இருக்க வேண்டிய ஏப்ரனை முதல் காவலாக்கிவிட்டார்கள். முதல் காவல்களுக்குக் காலணா செலவில்லை. எக்ஸ்ரே குழாயை மேஜைக்குக் கீழே வைக்கலாம். முகத்துக்கு வரும் சிதறல் குறையும். பக்கவாட்டில் படம் எடுக்கும்போது குழாய்ப் பக்கம் நிற்காமல் எதிர்ப்பக்கம் நிற்கலாம். தேவையான இடத்துக்கு மட்டும் கதிரைக் குறுக்கலாம். திரையில் நிற்கும் கடைசிப் படத்தைப் பார்த்தே யோசிக்கலாம். அதற்கு இன்னொரு மிதி எதற்கு? முடிந்தவர்கள் தள்ளி நிற்கலாம். தூரம் இரட்டித்தால் கதிர் கால்வாசி.

உங்களுக்கு இதில் என்ன என்கிறீர்களா? மிதி குறைந்தால், கதிர் குறுகினால், மேஜையில் படுத்திருக்கும் உங்களுக்கும் குறையும். தவிர, பெரிய டாக்டருக்கு நல்ல ஏப்ரன் கிடைத்துவிடும். பக்கத்தில் கத்தி எடுத்துக் கொடுக்கும் நர்ஸுக்கும், காலைப் பிடித்துக்கொண்டு நிற்கும் உதவியாளருக்கும் மிச்சம் மீதிதான். கதிருக்கு யார் டாக்டர், யார் ஆயா என்று தெரியாது.

ஏப்ரனுக்கு 100-க்கு 60 மார்க் போடலாம். மீதி 40 அதை மாட்டுகிறவர்களும் வாங்கித்தருகிறவர்களும் எடுக்க வேண்டியது.