மனோராஜ்யமும் பேரேடும்

நம் மொழியில் பகற்கனவு ஒரு வசவு. மனோராஜ்யம் என்ற சொல் கொஞ்சம் கௌரவமாக ஒலித்தாலும் அதற்கும் நல்ல பெயர் கிடையாது. வேதாந்த நூல்கள் அதைத் தியானத்துக்கு நேரும் இடையூறாகவே பார்க்கின்றன. வேலை செய்கிறவன் கனவு காண்பதில்லை, கனவு காண்கிறவன் வேலைக்கு உதவமாட்டான் என்ற இரட்டைத் தீர்ப்பு இந்தச் சொற்களுக்குள் உட்கார்ந்திருக்கிறது. இலக்கியக்காரர்களாகிய நாம் இத்தீர்ப்பை எதிர்ப்பதாக எண்ணிக்கொண்டு அதைத் தலைகீழாக்கி ஏற்றுக்கொண்டிருக்கிறோம். ஆபீஸ் சிருஷ்டிக்கு எமன், வேலையை விட்டால்தான் எழுத்து வரும் என்று நண்பர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். வேலை ஒரு பக்கம், கனவு ஒரு பக்கம் என்ற பிரிவினையில் இரு தரப்புக்கும் அபிப்பிராய பேதமே இல்லை. எந்தப் பக்கம் உசத்தி என்பதில்தான் சண்டை. எனக்கு இந்தப் பிரிவினையே தப்பாகப் படுகிறது.

கம்பனைப் பற்றி ஒரு கர்ணபரம்பரைக் கதை உண்டு. ஏற்றம் இறைக்கிறவன் ஒரு வரியைப் பாடிவிட்டு அன்றைய வேலையை முடித்துப் போய்விடுகிறான். அடுத்த வரி என்னவாக இருக்கும் என்று கம்பனுக்குப் பிடிபடவில்லை. மறுநாள் விடியலில் மறுபடி ஏற்றம் ஓடத் தொடங்கிய பிறகுதான் அவனுக்கு விடை கிடைக்கிறது. நடந்ததா இல்லையா என்பது பிரச்னையல்ல. கவிச்சக்கரவர்த்தியை ஒரு ஏற்றக்காரனின் ஷிப்டுக்காகக் காத்திருக்க வைத்ததே இந்தக் கதையின் விஷயம். ஏற்றப்பாட்டில் இறைத்த சாலின் எண்ணிக்கை பாட்டுக்குள்ளேயே வரும். பாட்டை எடுத்துவிட்டால் கணக்குத் தப்பிவிடும். கணக்கை எடுத்துவிட்டால் பாட்டுக்கு நடை கிடையாது. கனவுக்கென்று அங்கே யாரும் நேரம் ஒதுக்கித் தரவில்லை. உடம்புக்குப் பழகிய வேலை மனசில் ஒரு பங்கை விட்டுவைக்கிறது; அந்தப் பங்கு எதையோ பார்த்துக்கொண்டிருக்கிறது. உடலுழைப்பைக் காவியமாக்க இதைச் சொல்லவில்லை. அலுப்புத் தெரியாமலிருக்கத்தான் அவன் பாடினான். ஆனால் அந்த அலுப்புக்குள்ளிருந்துதான் பாடினான்.

பகற்கனவையும் இலக்கியத்தையும் சேர்த்து வைத்து ஃபிராய்ட் 1907இல் வியன்னாவில் ஓர் உரை நிகழ்த்தினார். மறு வருஷம் அது அச்சாயிற்று. திருப்தியுள்ளவன் பகற்கனவு காண்பதில்லை, நிறைவேறாத ஆசைதான் அதன் எரிபொருள் என்பது அவர் வாதம். இதை நிறுவ அவர் எடுத்துக்கொண்டவர்கள் மகாகவிகளல்ல, ஜனரஞ்சக நாவலாசிரியர்கள். எந்த ஆபத்திலும் சாகாத, எல்லாப் பெண்களும் காதலிக்கிற அந்த நாயகன் வேறு யாருமல்ல, நாற்காலியில் சாய்ந்து கனவு காண்கிற ‘நான்’தான் என்கிறார். நம் வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைப் படித்துவிட்டுப் பேசியது போலிருக்கிறது. அந்த மட்டில் அவரோடு எனக்கு வழக்கில்லை. எல்லாப் பகற்கனவும் இப்படித்தானா என்பதுதான் கேள்வி.

தத்துவப் பேராசிரியராகும் முன் தபால் இலாகாவில் உத்தியோகம் பார்த்த காஸ்தோன் பாஷ்லார், 1960இல் வெளியான தம் நூலில் வேறொரு கோடு கிழிக்கிறார். இராக் கனவில் பிரக்ஞை அணைந்துபோகிறது. விழித்திருந்து காணும் கனவில் அதன் ஒரு சுடர் எரிந்துகொண்டே இருக்கிறது. தண்ணீரும் விளக்கும் பழைய வீடும் அவருக்கு இந்தக் கனவின் பொருள்கள். இதை என் சௌகரியத்துக்கு இப்படிப் பிரித்துக்கொள்கிறேன்: தன்னை நோக்கிப் போகும் மனோராஜ்யம் ஒன்று, பொருளை நோக்கிப் போகும் மனோராஜ்யம் ஒன்று. முன்னதற்கு ஓய்வு போதும். பின்னதற்கு ஏதோ ஒரு வேலையின் உராய்வு தேவைப்படுகிறது.

லிஸ்பனில் வியாபாரக் கம்பெனிகளுக்கு அந்நிய பாஷைக் கடிதங்கள் எழுதிக்கொடுத்துப் பிழைத்தவர் ஃபெர்னாண்டோ பெஸோவா. 1935இல் இறந்தார். அவர் விட்டுச்சென்ற காகிதங்களிலிருந்து தொகுத்த ‘அமைதியின்மையின் புத்தகம்’ 1982இல்தான் வெளிவந்தது. அதில் பேசுகிற பெர்னார்தோ சோரஸ் ஒரு உதவிக் கணக்கன். ஒரு நாள் அவன் பகற்கனவு காண்கிறான். முதலாளி வாஸ்க்கெஸ், தலைமைக் கணக்கன் மொரைரா, தன் தெரு எல்லாவற்றிலிருந்தும் நிரந்தரமாக விடுதலையாகிவிட்டதாகக் கனவு. கனவு முடிவதற்குள்ளாகவே, அவர்களை விட்டுப் பிரிந்ததற்காக அவனுக்குத் துக்கம் வந்துவிடுகிறது. ஃபிராய்டின் சூத்திரம் இங்கே மூளியாகிறது. ஆசை நிறைவேறிய கணத்தில் கனவு திரும்பி நின்று, தான் விட்டுவந்த மேஜையை முதல் முறையாகப் பார்க்கிறது. பேரேட்டில் பதிகிற கைதான் இந்தக் கனவையும் எழுதுகிறது.

காஃப்காவின் விவகாரம் இன்னும் சிக்கலானது. 1908 முதல் 1922 வரை பிராகில் தொழிலாளர் விபத்துக் காப்புறுதி நிறுவனத்தில் வேலை பார்த்தார். மத்தியானம் 2 மணியோடு ஆபீஸ் முடிந்துவிடும். அதற்காகவே தேடிப் போன உத்தியோகம். அப்படியும் அவர் டைரி முழுக்க ஆபீஸைப் பற்றிய புலம்பல். மர இழைப்பு இயந்திரங்களில் தொழிலாளிகள் விரல் இழப்பதைப் படம் போட்டு விளக்கிப் பாதுகாப்பு அறிக்கை எழுதியவரும் அவரே. 1914 அக்டோபரில் எழுத வேண்டுமென்றே விடுப்பு எடுத்துக்கொள்கிறார். அந்த விடுப்பில் எழுதியவற்றில் ஒன்று ‘தண்டனைக் குடியிருப்பில்’ — மனித உடம்பில் தீர்ப்பை எழுதும் ஒரு இயந்திரத்தின் கதை. அதன் பாகங்களை ஒவ்வொன்றாக விளக்கும் அதிகாரியின் நிதானத்தில், இயந்திர அறிக்கை எழுதிப் பழகிய ஒருவரின் கையை நான் பார்க்கிறேன். ஆபீஸ் காஃப்காவைக் கொன்றது என்பது பாதி உண்மை. ஆபீஸ் அவருக்குத் தீனி போட்டது என்பதும் பாதி உண்மை. ஆபீஸை விட்டு வெளியே வரவும் வேண்டியிருந்தது. வந்த இடத்தில் கண்ட கனவு ஆபீஸுக்குள் இருந்தது.

நம்மிடையே இதற்கு உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். பிச்சமூர்த்தி கோயில் நிர்வாக அதிகாரி, லா.ச.ரா. வங்கி ஊழியர், ஞானக்கூத்தன் பொதுப்பணித் துறை, சுந்தர ராமசாமி ஜவுளிக்கடை. ஜெமினி ஸ்டூடியோவில் அசோகமித்திரனுக்கு வாய்த்த வேலைகளில் ஒன்று, செய்தித்தாள்களைக் கத்தரித்துக் கோப்பில் சேர்ப்பது. நாள் முழுக்கக் காகிதம் கிழித்துக்கொண்டிருந்த இவருக்கு வேலையே கிடையாது என்று நினைத்து, பார்க்கிறவர்களெல்லாம் அறைக்குள் வந்து நீண்ட பிரசங்கம் செய்துவிட்டுப் போனதை அவரே எழுதியிருக்கிறார். வெளியே இருந்து பார்த்தால் சோம்பல். உள்ளே ஒரு மனம் திறந்து கிடக்கிறது. ‘கரைந்த நிழல்கள்’ நாவலுக்கு நாயகன் கிடையாது. ஒவ்வொருவராக வருகிறார்கள், போகிறார்கள். எழுதியவரின் ‘நான்’ அதில் சிம்மாசனம் போட்டுக்கொள்ளவில்லை. பொருளை நோக்கிய மனோராஜ்யம் என்று நான் சொன்னது இதைத்தான்.

இந்த இடத்தில் நமக்கு உவப்பில்லாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். நான் அடுக்கிய பெயர்கள் எல்லாம் ஆண்கள். குமாஸ்தா கவிஞனின் சாயங்காலம் வானத்திலிருந்து விழவில்லை. உள்ளே யாரோ அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்ததால் கிடைத்தது. 1988இல் வந்த அம்பையின் தொகுப்புக்குப் பெயர் கொடுத்த ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ கதையில், சமையலறைக்கு வெளியே மலை இருக்கிறது. காயும் துணிகள் அதை மறைக்கின்றன. சமைக்கிறவளுக்கு மலை எதற்கு என்பதே அந்த வீட்டின் தத்துவம். ஏற்றக்காரனுக்கும் கணக்கனுக்கும் வேலைக்கு நடுவே ஒரு நெகிழ்ச்சி இருந்தது. பால் பொங்குவதையும் குழந்தை அழுவதையும் ஒரே காதில் கேட்க வேண்டியவளுக்கு அது இல்லை. அவள் வேலைக்கு ஷிப்டும் கிடையாது. ஆகவே வேலையே கனவைத் தரும் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்ல மாட்டேன். கையைக் கட்டிப்போட்டுக் கண்ணை விட்டுவைக்கும் வேலை ஒரு ரகம்; கண்ணையும் சேர்த்துக் கேட்கும் வேலை இன்னொரு ரகம்.

முதல் ரகமும் இப்போது அருகிவருகிறது. முதலாளிகள் கனவின் விலையைக் கண்டுகொண்டுவிட்டார்கள். அமெரிக்காவின் 3எம் கம்பெனி, ஊழியர்கள் தம் நேரத்தில் 15 சதவீதத்தைச் சொந்த யோசனைகளுக்குச் செலவிடலாம் என்ற ஏற்பாட்டை 1948இலேயே கொண்டுவந்தது. கூகிளின் ஸ்தாபகர்கள் 2004இல் பங்குதாரர்களுக்கு எழுதிய கடிதத்தில் 20 சதவீதம் பற்றிப் பெருமையாகப் பேசினார்கள். நல்ல ஏற்பாடு என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அனுமதி பெற்ற கனவு கணக்குக் காட்ட வேண்டிய கனவு. கடைசியில் அது ஒரு சரக்காக வந்து நிற்க வேண்டும். ஏற்றக்காரன் சாலைத்தான் எண்ணினான், கனவை எண்ணவில்லை. இங்கே கனவையே எண்ணுகிறார்கள். போதாதற்குப் பஸ் ஸ்டாப்பிலும் ரேஷன் க்யூவிலும் நமக்கு இலவசமாகக் கிடைத்துக்கொண்டிருந்த வெற்று நிமிஷங்களைச் செல்பேசி வாரிக்கொண்டு போகிறது. அது தருவதும் கனவுதான். ஃபிராய்ட் சொன்ன ரகம், பிறர் தயாரித்தது.

வேலையை விட்டுவிட்டு எழுத வரலாமா என்று கேட்கிற இளம் கவிஞனுக்கு என்னிடம் பொதுவான பதில் கிடையாது. வயிற்றுப்பாடு தெரிந்தவன் அதை அவனே முடிவு செய்துகொள்ளட்டும். நான் கேட்பது வேறு: உன் வேலையில் நீ எதைப் பார்த்தாய்? தம் மேஜையைப் பார்க்காமலேயே அதை வெறுக்கிறவர்களின் கவிதைகள் நம் பத்திரிகைகளில் நிறைய வருகின்றன. அவற்றில் ஜன்னல் உண்டு, மழை உண்டு, தனிமை உண்டு. எந்த ஊர் ஜன்னல், யார் துடைக்கிற ஜன்னல் என்பது மட்டும் இல்லை. கவிதையின் எல்லா நாற்காலியிலும் ‘நான்’ உட்கார்ந்திருக்கிறது. தொடர்கதை நாயகனை நாம் கேலி செய்கிறோம். அவன் துக்க வேஷம் போட்டுக்கொண்டு வரும்போது அச்சேற்றுகிறோம்.

இந்த வேஷத்தைப் பிரித்துக் காட்டுவது விமர்சகன் வேலை. எழுதுகிறவன் வேலை, தன் வெற்று நிமிஷங்களை யாருக்கும் விற்காமல் வைத்துக்கொள்வது, கூடவே அவை யார் முதுகில் கிடைத்தவை என்று தெரிந்துவைத்திருப்பது. அலுப்பாகத்தான் இருக்கும். அலுப்பை உடனே தீர்த்துக்கொள்கிறவனுக்கு அடுத்த வரி வராது.