பூனைக்குப் பதில் ஒரு படகு

பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தின் கடைசிப் பாடத்தில், கட்டைகளை அடுக்கி நிரல் எழுதும் ஸ்கிராட்ச் வருகிறது. பரீட்சையோடு மறந்துபோகிற பாடம்தான். ஆனால் கடலோர மணமேல்குடியில் ஒரு பிள்ளை தானாகவே கேம் எழுதிப் பழக அதைவிட நல்ல வாசல் இல்லை என்பேன். எம்ஐடி 2007-இல் வெளியிட்டது, காசு கிடையாது. கணினியில் ஏற்றிவிட்டால் இணையமும் வேண்டாம்.

480க்கு 360 அளவில் ஒரு மேடை, நடுவே பூனை. பூனையை நீக்கிவிட்டு நாட்டுப்படகு ஒன்றை வரையலாம். அலைக்கு மெனக்கெட வேண்டியதில்லை. பாக் நீரிணைக் கடல் பெரும்பாலும் குளம் மாதிரித்தான் கிடக்கும். அம்புக்குறியை அழுத்தினால் எக்ஸில் 10 கூட்டு என்றால் படகு நகர்கிறது. அடுத்து, படகில் பிடிக்க மேலிருந்து நண்டு விழ வேண்டும். ஒய்யில் 5 குறைத்தால் சற்றே இறங்கி நின்றுவிடுகிறது. ‘ஃபாரெவர்’ கட்டைக்குள் போட்டால் விழுந்துகொண்டே இருக்கிறது, ஆனால் ஒரே வேகத்தில், உயிரில்லாமல்.

வேகத்துக்கென்று தனியாக ஒரு வேரியபிள் வைத்து, சுற்றுக்குச் சுற்று அதில் 1 குறைத்து, ஒய்யில் 5 குறைப்பதற்குப் பதில் அதைக் கூட்டிப் பாருங்கள். நண்டுக்குக் கனம் வந்துவிடும்! அதே புத்தகத்தின் முதல் பாடத்தில் மனப்பாடம் செய்த முடுக்கம் இதுதான்.

நண்டு எதற்கு வானத்திலிருந்து விழுகிறது என்று வீட்டில் கேட்பார்கள். ஸ்கோர் ஏறத் தொடங்கியதும் கேட்கமாட்டார்கள்.