ஷேக்ஸ்பியர் வீட்டு முன்சுவர்

பழைய வீட்டின் வெளிச்சுவரைப் பழுது பார்ப்பது தச்சரும் கொத்தனாரும் கவலைப்பட வேண்டிய விஷயம். கதை எழுதுகிறவனுக்கு அங்கே என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். அந்த வீடு ஷேக்ஸ்பியர் பிறந்த வீடாக இருந்துவிட்டால் நானும் கொஞ்சம் மூக்கை நுழைக்கலாம் அல்லவா?

ஸ்ட்ராட்போர்டில், ஹென்லி தெருவில் இருக்கிற அந்த வீட்டைப் படத்தில் பலர் பார்த்திருப்பார்கள். மரச் சட்டங்கள், இடையே வெளிறிய பூச்சு, கூரையிலிருந்து எட்டிப் பார்க்கும் ஜன்னல்கள். 1564-ஆம் வருஷம் அந்தக் குழந்தை பிறந்தபோது இப்படித்தான் இருந்திருக்கும் என்று மனசு உருகுகிறது. அந்த உருக்கத்தில் ஒரு பங்கு 1857-க்கும் 1864-க்கும் நடுவில் வேலை செய்த தச்சர்களுக்குச் சேர வேண்டும்.

அதற்கு முன்னால் வீட்டின் கோலம் வேறு. ஒரு பகுதியில் கசாப்புக் கடை நடந்திருக்கிறது. இன்னொரு பகுதி 'அன்னமும் கன்னியும்' என்று நாம் பெயர் சொல்லக்கூடிய ஒரு சத்திரம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சத்திரத்தின் முகப்புக்குச் செங்கல் வைத்துவிட்டார்கள். கூரை ஜன்னல்கள் எப்போதோ போய்விட்டன. 1847-இல் வீடு ஏலத்துக்கு வந்தது. பொதுமக்கள் பணம் திரட்டி 3,000 பவுனுக்கு வாங்கினார்கள். பிறகு செங்கல்லை உரித்து மரச் சட்டம் வைத்தார்கள். ஜன்னல்களைக் கூரையில் திரும்ப ஏற்றினார்கள். தீப் பிடிக்குமே என்ற பயத்தில் இரு பக்கத்து வீடுகளையும் இடித்துத் தள்ளினார்கள்.

எதைப் பார்த்து இவ்வளவும் செய்தார்கள்? ரிச்சர்டு கிரீன் என்பவர் வரைந்த ஒரு படத்தைப் பார்த்து. அது 1769-ஆம் வருஷத்துப் படம். ஷேக்ஸ்பியர் 1616-இல் இறந்தார். நடுவில் 153 வருஷம்! குடித்தனக்காரர்கள் எத்தனை பேர் எத்தனை ஆணி அடித்தார்களோ, அது படத்துக்குத் தெரியாது.

இந்த மாதிரி வீட்டின் அமைப்பிலேயே ஒரு வசதி இருக்கிறது. பாரம் முழுவதையும் ஓக் மரத் தூண்களும் உத்தரங்களுமே தாங்குகின்றன. சுவர் எதையும் தாங்குவதில்லை. சட்டங்களுக்கு இடையில் குச்சிகளை வரிச்சாகப் பின்னி, மண்ணும் வைக்கோலும் சாணியும் குழைத்து அப்பி, மேலே சுண்ணாம்பு பூசுவார்கள். ஆகவே வெளிச்சுவர் வீட்டின் சட்டை. ஒன்றைக் கழற்றி இன்னொன்றை மாட்டலாம், வீடு விழுந்துவிடாது. விழுந்துவிடாது என்பதால்தான் ஆளுக்கு ஆள் துணிச்சல்.

அந்த ஜனங்களைத் திட்ட எனக்கு மனசில்லை. அவர்கள் முன்வந்திராவிட்டால் வீடு என்ன ஆகியிருக்குமோ. உள்ளே பழைய மரங்கள் பல இன்னும் நிற்கின்றன. அது அவர்கள் புண்ணியம். ஆனால் சத்திரக்காரன் வைத்த செங்கல்லும் அந்த வீட்டின் ஆயுளில் ஐம்பது வருஷம் அல்லவா? 1769 சரித்திரம், 1808 குப்பை என்று யார் தீர்மானித்தது? இதே கோபம் வில்லியம் மாரிஸுக்கு இருந்தது. பழைய மாதா கோயில்களைச் சுரண்டிப் புதுசாக்கும் மோகத்தை எதிர்த்து அவர் 1877-இல் ஒரு சங்கமே தொடங்கினார்.

ஒழுகுகிற இடத்தை அடைப்பது வேறு, வயசைக் குறைப்பது வேறு. இருபதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் மர வீடுகள் பலவற்றுக்குச் சிமெண்டு பூசினார்கள். மரம் பருவத்துக்குப் பருவம் விரியும், சுருங்கும். சிமெண்டுக்கு வளையத் தெரியாது. ஓரத்தில் மயிரிழை போல ஒரு வெடிப்பு. அதன் வழியே மழைத் தண்ணீர் உள்ளே போகும். சுண்ணாம்பாக இருந்தால் ஈரத்தை வெளியே விட்டிருக்கும். சிமெண்டு விடாது. வெளியே சுவர் பளபளக்க, பின்னால் ஓக் இற்றுக்கொண்டிருக்கும். அந்தச் சிமெண்டைப் பெயர்த்துவிட்டுச் சுண்ணாம்பு பூசுகிறவரை நான் கும்பிடுவேன். அவர் வீட்டை எந்த வருஷத்துக்கும் திருப்பி அனுப்பவில்லை. மூச்சு விட வைக்கிறார்.

ஹென்றி ஜேம்ஸ் 1903-இல் வெளியிட்ட 'பிறந்த இடம்' என்ற கதையை இந்தச் சமயத்தில் படிக்க வேண்டும். கவியின் பெயரையே சொல்லாமல், அவர் வீட்டைக் காவல் காக்கும் கெட்ஜ் என்ற மனிதரின் கதையைச் சொல்கிறார். கெட்ஜுக்குச் சந்தேகம் வருகிறது. இங்கேதான் பிறந்தார் என்று அடித்துச் சொல்ல நாக்கு கூசுகிறது. வேலைக்கு ஆபத்து வரவே, மனிதர் அடியோடு மாறி அற்புதமாகப் புளுக ஆரம்பிக்கிறார். சம்பளம் இரட்டிப்பாகிறது! ஜேம்ஸ் சிரிக்கிறார் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் புளுகுதான் கெட்ஜ் செய்த ஒரே கலை. கலைஞனாக ஜெயித்து மனிதனாகத் தோற்கிறார். இரண்டும் ஒரே நாளில் நடக்கின்றன.

இதையெல்லாம் இப்போது ஏன் நினைக்கிறேன் என்றால், இருபத்து நாலு வயசில் எழுதிய என் முதல் நாவலை மறுபதிப்புக்காகத் திருத்தித் தரும்படி பதிப்பாளர் கேட்டிருக்கிறார். மூன்று அத்தியாயங்களைத் திருத்தினேன். அழுகைகளை வெட்டினேன், வர்ணனைகளை உரித்தேன். படித்துப் பார்த்த என் மனைவி, "நன்றாக இருக்கிறது. ஆனால் இதை எழுதினவரை எனக்கு இப்போதுதான் தெரியும், அப்போது தெரியாது" என்றாள்.

மூன்றையும் கிழித்துப் போட்டேன். பொருள் புரியாமல் ஒழுகிய ஏழெட்டு வாக்கியங்களை மட்டும் மாற்றி, எந்த வருஷம் மாற்றியது என்று முதல் பக்கத்திலேயே அச்சிடச் சொல்லியிருக்கிறேன். பதிப்பாளருக்கு அது பிடிக்கவில்லை. வருஷம் போட்டால் புத்தகம் பழசு என்று தெரிந்துவிடுமாம்.