சோர்வைப் பற்றி எழுதாதவர்

முனைவர் பட்ட ஆய்வுக்காகப் பெண்களின் தன்வரலாறுகளைத் தேடி அலைந்தபோது, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1930இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ‘மை எக்ஸ்பீரியன்ஸ் ஆஸ் எ லெஜிஸ்லேட்டர்’ நூலை நகலெடுத்து வைத்திருந்தேன். அப்போது எனக்கு 26 வயது. முப்பது பக்கம் தாண்டவில்லை. தீர்மானம், விவாதம், மனு, மறுபடியும் தீர்மானம். ‘இதில் பெண் எங்கே?’ என்று ஓரத்தில் பென்சிலால் எழுதி மூடிவிட்டேன். உடலும் கோபமும் இல்லாத எழுத்தைப் பெண்ணெழுத்தாக ஏற்க மறுத்த காலம் அது. ஆய்வேட்டில் அந்த நூலுக்கு ஓர் அடிக்குறிப்பு மட்டும் கொடுத்தேன்.

போன மே மாதம் அலமாரியை ஒழித்தபோது அந்த நகல் கையில் வந்தது. இப்போது எனக்கு 47. படிக்கக் கண்ணாடி வேண்டும். மாதவிடாய் வருகிற மாதமும் உண்டு, வராத மாதமும் உண்டு. இரவு மூன்று மணிக்கு வியர்த்துக்கொட்டி விழிப்பு வந்துவிடுகிறது. கவிதை எழுதி ஒன்றரை வருடம் ஆகிறது. எங்கள் விடுதி மாணவிகளுக்கு மாலை ஆறு மணிக்கே கதவடைப்பதை மாற்றக் கேட்டு மூன்று கடிதம் கொடுத்தேன், பதில் இல்லை, நான்காவதை எழுதவில்லை. இதையெல்லாம் தோழிகளிடம் சொன்னால் எல்லோருக்கும் ஒரே வார்த்தைதான் வருகிறது: “மோட்டிவேஷன் போயிடுச்சுப்பா.” கரண்ட் போனதைப் போலச் சொல்கிறோம். திரும்ப வரும் என்று இருட்டில் உட்கார்ந்திருக்கிறோம்.

தூக்கம் வராத அப்படியோர் இரவில் 31ஆம் பக்கத்திலிருந்து படித்தேன். கணக்குப் போட்டதும் திடுக்கிட்டது. முத்துலட்சுமி பிறந்தது 1886இல், புதுக்கோட்டையில். இந்த நூலை வெளியிட்டபோது அவருக்கு 44 வயதுதான். பாட்டியின் புத்தகம் என்று நினைத்து ஒதுக்கியதை எழுதியவர் இன்றைய என்னைவிட மூன்று வயது இளையவர்!

1926இன் இறுதியில் சென்னை மாகாணச் சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார்; அடுத்து அதன் துணைத்தலைவரும் ஆனார். 1930 மே மாதம் காந்தி கைதானதைக் கண்டித்துப் பதவியை விட்டார். பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை நிறுத்துவது, குழந்தை மணத்தைத் தடுப்பது, விபச்சார விடுதிகளை மூடுவது, பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை என்று மூன்றரை ஆண்டுகளில் தொட்டவற்றை இந்நூல் வரிசையாகச் சொல்கிறது. இருபது வயதுகளில் என்னைத் துரத்திய அந்த வறட்சிதான் இப்போது என்னைப் பிடித்து நிறுத்தியது. பாதியில் வேலையை விட்டுப் போகிறவர், அடுத்து வருகிறவளிடம் கோப்பை ஒப்படைக்கிற எழுத்து இது. எது முடிந்தது, எது நிற்கிறது, யாரைக் கேட்க வேண்டும் என்பதே அதன் நடை. தன் மனநிலையைப் பற்றி எழுத அவர் இடம் ஒதுக்கவில்லை.

முடியாத வேலைகள் எவ்வளவு காலம் நின்றன என்பதையும் பார்க்க வேண்டும். பொட்டுக்கட்டுதலைத் தடுக்கும் மசோதா 1930இல் அவர் வைத்தது. சட்டமானது 1947 அக்டோபரில். அப்போது அவருக்கு 61 வயது. 1923இல் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளோடு திறந்தது 1954இல். அவர் 68ஐ நெருங்கிக்கொண்டிருந்தார். இடையில் 31 ஆண்டுகள். அத்தனை ஆண்டுகளும் ஒருவருக்கு உற்சாகம் இருந்திருக்க முடியுமா? இருந்ததாக நான் நம்பவில்லை. உற்சாகம் வந்தபின் எழுதலாம் என்று அவர் எந்த மனுவையும் தள்ளிப்போடவில்லை என்று மட்டும் தெரிகிறது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. விடுதிகளில் இடம் மறுக்கப்பட்டுத் தன் வீட்டுக் கதவைத் தட்டிய தேவதாசிக் குடும்பப் பெண்பிள்ளைகளுக்காக அதே காலத்தில் அவர் தொடங்கிய இல்லத்துக்கு வைத்த பெயர் அவ்வை. கல்யாணத்திலிருந்து தப்பிக்கப் பிள்ளையாரிடம் முதுமையை வரமாகக் கேட்டு வாங்கியவள் அவ்வை என்பது நம் வீடுகளில் சொல்லும் கதை. நரைத்தபின்தான் அவள் ஊர் ஊராகப் போக முடிந்தது, அரசனிடம் சரிக்குச் சரியாகப் பேச முடிந்தது. தலைச்சாயப் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கதையை நினைத்துச் சிரித்தேன். (சாயம் பூசினேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.)

ஆனாலும் பென்சிலால் எழுதிய கேள்வியை அழிக்க மனம் வரவில்லை. முத்துலட்சுமியின் தாய் சந்திரம்மாள் இசை வேளாளர் குலத்தவர். தந்தை பிராமணர், கல்லூரி முதல்வர். மசோதாவின் ஒவ்வொரு வரியும் தாயின் வீட்டைத் தொடுகிறது. ஆனால் சட்டசபை நூலில் பேசுபவர் மருத்துவர், சீர்திருத்தவாதி. சந்திரம்மாளின் மகள் பேசுவதில்லை. 1964இல், 78 வயதில் வெளியான தன்வரலாற்றிலாவது அந்த மகள் வாய் திறப்பாள் என்று தேடிப்போனேன். அங்கும் நிறுவனங்களே அதிகம் பேசுகின்றன.

இந்த மௌனத்துக்கு ஒரு விலை உண்டு. மசோதாவை எதிர்த்த தேவதாசிகளும் மனுப் போட்டார்கள். பெங்களூர் நாகரத்தினம்மாளைப் போன்றவர்கள் தம் சொத்தும் கலையும் மானமும் பறிபோகும் என்றார்கள். அவர்களை மீட்கப்பட வேண்டியவர்களாகவே பார்க்கிறது இந்நூல். எதிரே உட்கார்ந்து வாதாடுகிறவர்களாகப் பார்க்கவில்லை. தனக்கே தயக்கத்தை அனுமதிக்காதவருக்கு அடுத்தவள் தயக்கம் காதில் விழுவது கஷ்டம். இதை நான் குறையாகவே சொல்கிறேன். கூடவே, ஆண்கள் நிறைந்த அந்த அவையில் அவர் தாயின் பெயரை எடுத்திருந்தால் அதை வைத்தே அவரை அடித்திருப்பார்கள் என்பதும் எனக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டியிருக்கிறது.

ஜூலையில் வகுப்பில் முத்துலட்சுமி ரெட்டி யார் என்று கேட்டேன். “பிரசவத்துக்குப் பணம் தருவாங்களே, அந்தத் திட்டம்தானே அம்மா?” என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். கதையைச் சொன்னேன். விடுதியில் இருக்கும் ஒரு பெண் கடைசி பெஞ்சிலிருந்து கேட்டாள்: “அவங்க எப்பவாச்சும் அலுத்துப்போயிருப்பாங்கள்லம்மா? அதை ஏன் எழுதல?”

என்னிடம் பதில் இல்லை. நகலை அவளிடம் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்துத் திருப்பித் தந்தபோது என் பென்சில் எழுத்துக்குக் கீழே நீல மையில் தன் கேள்வியையும் எழுதியிருந்தாள். பிறகு, விடுதிக் கடிதத்தின் பழைய பிரதிகள் என்னிடம் இருக்கிறதா என்று விசாரித்தாள். மூன்றையும் தேதிவாரியாக எடுத்துக் கொடுத்தேன். நான்காவதை இருவரும் சேர்ந்து எழுதினோம்.