கேட்போர் யார்?

சொல் கேட்பவரின் நிலைக்குப் பொருந்த வேண்டும் என்பது அரபு அணியியலான இல்முல் பலாகாவின் அடிப்படை. கேட்பவரை அது செய்தி அறியாதவர், ஐயுறுபவர், மறுப்பவர் என மூவகைப்படுத்தும். அறியாதவரிடம் வெறுமனே சொன்னால் போதும். மறுப்பவரிடமோ சொல்லுக்கு உறுதியேற்றிச் சொல்ல வேண்டும். அரபிக் கல்லூரிகளில் நாம் பயிற்றும் இப்பாடத்தை, நம் சமூகத்துச் சிறு பதிப்பகங்களின் நூல்களோடு பொருத்திப் பார்க்கலாம்.

இந்நூல்கள் குறுகிய வட்டத்துக்கானவை என்னும் குற்றச்சாட்டு நெடுநாளையது. வட்டம் சிறியதாயிருப்பதே குறையென நாம் கருதவில்லை. 2019இல் மறைந்த தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' இதற்குச் சான்று. 'முஸ்லிம் முரசு' இதழில் தொடராக வந்து 1988இல் நூலான நாவல் அது. குமரிக் கடற்கரை முஸ்லிம்களின் பேச்சுமொழி, வெளியாருக்கென நீர்க்கச் செய்யப்படாமல் அதில் இடம்பெற்றது.

அந்நாவல் எதைச் சொன்னது? வடக்கு வீட்டு அகமதுக்கண்ணு முதலாளியின் ஆதிக்கத்தையும், தங்களின் பெயரால் வளர்ந்த மூடநம்பிக்கையையும், ஆங்கிலப் பள்ளிக்கு எழுந்த எதிர்ப்பையும் சமூகத்தின் ஏட்டிலேயே சமூகத்தின் முன் வைத்தது. அதாவது, மறுக்கக்கூடியவரையே அது தன் கேட்போராகக் கொண்டது. அதன் உறுதி முழக்கத்தால் வந்ததன்று. முதலாளிக்குப் பணிய மறுக்கும் சுறாப்பீலி வியாபாரி மஹ்மூதின் வாழ்வைக் காட்டியதால் வந்தது. சமூகத்தை நோக்கிப் பேசிய அந்நூல் ஆங்கிலத்துக்கும் சென்றது. அதே மொழிவளத்தோடு பின்னர் எழுதிய 'சாய்வு நாற்காலி'க்காக 1997இல் ஆசிரியர் சாகித்திய அகாதெமி விருது பெற்றார்.

இன்று நம் பார்வைக்கு வரும் நூல்களில் பல, அணியியலார் தனியே எண்ணாத நான்காம் வகையினரிடம் பேசுகின்றன. அவர்கள் முன்னரே முழுமையாக உடன்பட்டவர்கள். வாழ்த்துரை, அணிந்துரை, சிறப்புரை என நுழைவாயில்கள் பெருகியிருக்க, உள்ளே வாசகரின் உள்ளத்தைத் தொந்தரவு செய்யும் ஒரு வினாவும் இருப்பதில்லை. இதற்குச் சிறு பதிப்பகத்தின் வறுமையைக் காரணம் காட்டலாகாது. பெரும் சந்தையை நம்பி நிற்காத பதிப்பகமன்றோ கசப்பானதை அச்சிடத் துணிய வேண்டும்!

வாசகராகிய நம்மிடமும் பிழை உண்டு. வெளியீட்டு விழாவில் அன்பளிப்புப் பிரதி பெற்றுப் பாராட்டிவிட்டு வருகிறோம். நமக்கு உவப்பில்லாத நூலையும் விலைகொடுத்து வாங்கிப் படித்து மறுப்பெழுதினால், எழுதுபவருக்குத் தம் கேட்போர் யாரென்பது தெரியவரும்.