கோர்வை விட்ட இடம்

போன வாரம் ஒரு கல்யாணப் புடவைக்காகக் காஞ்சிபுரம் போயிருந்தேன். இந்த மாதிரி யாத்திரைகளில் என் பொறுப்பு பை தூக்குவதும், கடைசியில் கார்டை நீட்டுவதும்தான். பெண்கள் நாற்பதாவது புடவையைப் பிரித்துக்கொண்டிருந்தபோது கடைக்காரர் என் மேல் பரிதாபப்பட்டு, "கோர்வைன்னா என்னன்னு தெரியுமா சார்?" என்று ஆரம்பித்தார்.

உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். தனித்தனி நாடா ஓட்டி, ஒவ்வொரு இழையிலும் இரண்டையும் கோத்துக்கொண்டே நெய்ய வேண்டும். "கோர்வை சரியா விழுந்தா புடவை கிழிஞ்சாலும் கரை பிரியாது. விட்டுடுச்சுன்னா மொதல்ல அங்கதான் போகும்."

என் மடியில் கிடந்த ஜெராக்ஸ் கட்டைப் பார்த்து, "இது என்ன சார்?" என்றார்.

"இறால் வளர்ப்பு."

"காஞ்சிபுரத்துல வந்து இறாலா!" என்று சிரித்துவிட்டு, "நம்ம மாவட்டத்துக்கும் ஒரு காலத்துல கடல் இருந்துச்சு சார்" என்றார்.

வாஸ்தவம். 2019ல் செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரியும்வரை முட்டுக்காடு காஞ்சிபுரம் மாவட்டம்தான். நீங்கள் படகு சவாரி போகிறீர்களே, அந்த உப்பங்கழிப் பக்கம் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிசோதனைக் குளங்கள் இருக்கின்றன. 'சிபா' என்பார்கள். 1987ல் தொடங்கிய இந்த நிறுவனம் 1997ல் கொடுவா மீனையும், 2015ல் பால் கெண்டையையும் தன் வளர்ப்பிலேயே முட்டையிட வைத்தது. இரண்டாவது சாதனைதான் எனக்குப் பிடித்தது. கொடுவா அசைவம். அதை வளர்க்கக் கடலில் சின்ன மீன்களைப் பிடித்து அரைத்துப் போட வேண்டும். பால் கெண்டை பாசி மேய்கிற சாது. கடலுக்குப் பாரம் கம்மி.

வளர்க்கத் தெரிந்துகொள்வது ஒரு விஞ்ஞானம். வளர்ப்பதால் பக்கத்து வீட்டுக்காரனுக்கு என்ன ஆகிறது என்று அளப்பது இன்னொரு விஞ்ஞானம். இரண்டுக்கும் கோர்வை விழுந்திருக்கிறதா? அதைப் பார்க்கத்தான் அந்த ஜெராக்ஸ் கட்டு. அதில் ஒரு தீர்ப்பும் ஒரு சட்டமும் இருந்தன. இரண்டையும் இலக்கியம் படிப்பதுபோல வரி வரியாகப் படித்தேன். இது என் மதிப்புரை.

முதலில் தீர்ப்பு. 1996 டிசம்பர் 11, உச்ச நீதிமன்றம், 'எஸ். ஜெகந்நாதன் எதிர் இந்திய அரசு'. ஜெகந்நாதனும் மனைவி கிருஷ்ணம்மாளும் கீழத்தஞ்சைப் பக்கம் நிலமற்றவர்களுக்கு நிலம் வாங்கிக் கொடுப்பதையே வாழ்க்கையாக வைத்திருந்த காந்தியவாதிகள். அந்த ஊர்களுக்கு இறால் பண்ணைகள் வந்தன. கடல்நீரை பம்ப் போட்டு இழுத்து வயல் ஓரத்தில் தேக்கினால் என்ன ஆகும்? கசியும். நிலத்தில் உப்பு ஏறும், குடிக்கிற கிணறு கரிக்கும். தின்னாத தீவனம் குளத்தின் அடியில் அழுகி அம்மோனியாவாகும். கடைசியில் எல்லாம் வாய்க்காலுக்குப் போகும். 1994ல் ஜெகந்நாதன் வழக்குப் போட்டார். வழக்கு நடக்கும்போதே வெள்ளைப்புள்ளி வைரஸ் வந்து கிழக்குக் கடற்கரைப் பண்ணைகள் பலவற்றைத் துடைத்துவிட்டது தனிக்கதை.

நீதிபதிகள் குல்தீப் சிங்கும் சாகிர் அகமதுவும் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். விஞ்ஞானிகளைப் படித்தார்கள். வளர்ப்பு முறைகளின் வகைகளை அப்போதைய சிபா இயக்குநர் அழகர்சாமியின் கட்டுரையிலிருந்து எடுத்தார்கள். சேதக் கணக்கை நாக்பூர் 'நீரி' நிறுவனத்தின் அறிக்கையிலிருந்து எடுத்தார்கள். வருமானத்தைவிடச் சேதம் அதிகம் என்றது அந்த அறிக்கை. கடலோரக் கட்டுப்பாட்டு எல்லைக்குள் இருக்கும் பண்ணைகளை 1997 மார்ச் 31க்குள் இடியுங்கள், பாரம்பரிய முறையும் அதைக் கொஞ்சம் மேம்படுத்திய முறையும் மட்டும் இருக்கட்டும் என்றது தீர்ப்பு.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. கடலோரத்தில் தொழில் நடத்த வேண்டுமானால் அதற்குக் கடலோரம் அவசியம் என்று நிரூபிக்க வேண்டும். இறாலுக்குத் தேவை உவர்நீர்தான், கடலோரம் அல்ல என்றார் குல்தீப் சிங். அன்றைக்கு இதைக் கேட்டுப் பலர் சிரித்திருப்பார்கள். இன்றைக்குக் கடலே இல்லாத ஹரியானாவிலும் பஞ்சாபிலும் உப்புப் பூத்த நிலத்தடி நீரில் இறால் வளர்க்கிறார்கள்!

குறையும் உண்டு. எல்லைக்குள் நவீன வளர்ப்பைத் திருத்த முடியுமா, கழிவைச் சுத்தம் பண்ணி, அடர்த்தியைக் குறைத்து நடத்த முடியுமா என்ற கேள்விக்குத் தீர்ப்பு இடமே வைக்கவில்லை. ஒரே தேதி, ஒரே கடப்பாரை. மறுஆய்வு மனுக்கள் வந்தன. 1997 மார்ச்சில் அதே நீதிமன்றம் இடிப்பை நிறுத்தி வைத்தது.

இனி சட்டம். 2005, கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம். பதிவு கட்டாயம், உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் புதிய பண்ணை கூடாது, ஏற்கெனவே இருப்பதற்கு விலக்கு. இதுவரை பேசித் தீர்க்கலாம். 27வது பிரிவுக்கு வந்ததும் பேப்பரைக் கீழே வைத்துவிட்டேன். 1991ன் கடலோர அறிவிக்கையில் ஒரு வரியைச் சேர்க்கிறது அது: இந்தத் தடைகள் நீர்வாழ் உயிரின வளர்ப்புக்குப் பொருந்தாது. சரி, எப்போதிலிருந்து? 1991 பிப்ரவரி 19லிருந்தே அந்த வரி அங்கே இருந்ததாகக் கருத வேண்டுமாம்.

யோசித்துப் பாருங்கள். 1996ல் நீதிபதிகள் படித்த அறிவிக்கையில் இல்லாத வரி, 2005ல் எழுதப்பட்டு, அவர்கள் படித்தபோதே இருந்ததாக ஆகிவிட்டது. தமிழில் எத்தனையோ மாயாஜாலக் கதைகள் படித்திருக்கிறேன். இத்தனை சிக்கனமாக ஒரு வரியில் காலத்தைத் திருப்பியவர் யாருமில்லை. நீரி அறிக்கை தப்பு என்று அந்த வரி சொல்லவில்லை. அதற்குப் பதில் விஞ்ஞானமும் சொல்லவில்லை. கேள்வியையே அழித்துவிட்டது. கோர்வை விட்ட இடம் இதுதான்.

நியாயமாகச் சொன்னால், இந்தச் சட்டத்தை ஒட்டி வந்த வழிகாட்டு நெறிகள் விவசாய நிலத்தையும் அலையாத்திக் காட்டையும் பண்ணையாக்கக் கூடாது என்கின்றன. அது லாபம். 2009ல் தென்னமெரிக்கப் பசிபிக் கரையின் வனாமி இறாலுக்கு அனுமதி கிடைத்தது. தாய் இறால்கள் விமானத்தில் வந்து நீலாங்கரையில் குவாரன்டைனில் தங்கிப் போகின்றன. ஏற்றுமதியில் பெரும்பங்கு இப்போது அதுதான். டாலர் வருகிறது, மறுக்கவில்லை. உள்ளூர் வரி இறாலும் வெள்ளை இறாலும் ஓரத்துக்குப் போய்விட்டன.

ஆராய்ச்சிக்கு ஆள் பஞ்சமில்லை. பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்று முகத்துவாரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் பல தலைமுறை மாணவர்களைச் சேற்றில் இறக்கியிருக்கிறது. ஜெகந்நாதன் போராடிய அதே நாகப்பட்டினத்தில் 2012லிருந்து மீன்வளப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அவர் 2013ல் காலமானார். பண்ணையை எதிர்த்து நின்ற மண்ணில் பண்ணையைப் படிப்பிக்கிற பல்கலைக்கழகம். இதைக் கேலியாகவும் பார்க்கலாம். நான் வாய்ப்பாகப் பார்க்கிறேன்.

'ஸஸ்டெய்னபிள்' என்பதை நீடித்த, நிலைத்த, பேண்தகு என்று விதவிதமாகத் தமிழ்ப்படுத்துகிறார்கள். எனக்கு வார்த்தையில் தகராறு இல்லை. ஓர் இறால் ஆராய்ச்சி வெற்றி என்றால், ஹெக்டேருக்கு எத்தனை டன் என்ற பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில், பக்கத்துக் கிணற்றில் போன வருஷம் எத்தனை உப்பு, இந்த வருஷம் எத்தனை என்றும் இருக்க வேண்டும். அதுவும் அந்தக் கிணற்றில் குடம் விடுகிற பெண்ணுக்குப் படித்துக் காட்டக்கூடிய தமிழில். இரண்டு பக்கமும் சேர்ந்தால்தான் அது ஆராய்ச்சி. தனியாக முதல் பக்கம் மட்டும் இருந்தால் விலைப்பட்டியல்.

புடவை எடுத்தாயிற்றா என்கிறீர்களா? எடுத்தாயிற்று. கரையை நன்றாக இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் கார்டை நீட்டினேன்.